மோந்தேன் கோபுரத்தைத் திறந்து காட்டும் மடிப்புப் படத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுகிற சிறு குழு எங்களுடையது. ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு சிவில் இன்ஜினியர், இரண்டு நூலகர்கள், மற்றவர்கள் சும்மா ஆர்வக்காரர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேனின் வீடு ஒன்றைப் பற்றி மட்டும் 72 பக்கத்தில் தமிழ் நூல் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். எழுத்து முடிந்தது, படங்களும் முடிந்தன. அச்சுக்குத்தான் பணம் போதவில்லை.

அந்த வீடு தென்மேற்கு பிரான்சில், பொர்தோ நகரத்துக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அரசன் கட்டிய கோட்டை அல்ல, அரண் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் கட்டடமும் மதிலும், மூலையில் உருண்டைக் கோபுரம். மீனும் ஒயினும் விற்றுப் பணம் சேர்த்த ரமோன் எய்க்கெம் என்ற பொர்தோ வணிகர் 1477இல் இதை வாங்கினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் கட்டுரை இலக்கியத்தின் முன்னோடி மிஷேல் த மோந்தேன். 1533இல் பிறந்ததும் 1592இல் இறந்ததும் இதே வீட்டில்தான்.

கோபுரத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரையில் சிறு வழிபாட்டு அறை. அதற்கு மேலே படுக்கையறை. கீழே பூசை நடக்கும்போது மேலே இருந்தபடியே கேட்கச் சுவரில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள் (சோம்பேறித்தனமா, பக்தியா என்று எங்கள் குழுவில் இன்னும் தீராத வழக்கு). உச்சியில் மோந்தேனின் நூலக அறை. சுவர் வட்டமாக இருப்பதால், மேசையில் உட்கார்ந்தால் ஐந்து அடுக்கில் சுற்றி நிற்கிற புத்தகம் எல்லாம் ஒரே பார்வையில் தெரியுமாம். கூரை உத்திரங்களில் கிரேக்க, இலத்தீன் வாசகங்களை எழுதிவைத்தார். அவை இன்றும் இருக்கின்றன. தினமும் விடியலிலும் மாலையிலும் பெரிய மணி அடித்தால் கோபுரமே அதிரும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் எங்களைப் பிடித்து இழுத்தது வேறு விஷயம். 1562 முதல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் வெட்டிக்கொண்ட காலம் அது. சுற்றுவட்டாரத்தில் பலரும் வீட்டுக்குக் காவல் போட்டார்கள். மதிலும் கோபுரமும் வைத்திருந்த மோந்தேன் மட்டும் ஒரு வயதான வாயிற்காவலரோடு நிறுத்திக்கொண்டார். காவலைக் கூட்டினால் கொள்ளைக்காரனுக்கு ஆசையும் கூடும் என்பது அவர் கணக்கு. வீடு தப்பியது. பின்னாளில் பிரான்சின் அரசரான நவார் நாட்டு ஆன்றி 1584 டிசம்பரில் இங்கே தங்கியபோது, விஷம் இருக்கிறதா என்று யாரையும் சுவை பார்க்கச் சொல்லாமல் சாப்பிட்டு, மோந்தேனின் கட்டிலிலேயே தூங்கினார்.

போர் விட்டுவைத்ததை 1885இல் தீ விடவில்லை. பிரதான வீடு எரிந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பது அதற்கப்புறம் கட்டியது. கோபுரம் தப்பியது.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். 600 பிரதிக்கு ₹1,40,000 ஆகிறது. நாங்களே போட்டது ₹52,000. இன்னும் ₹88,000 வேண்டும். செலவில் பெரும்பகுதி நடுப்பக்கத்தில் விரியும் வண்ணப் படத்துக்குத்தான். கோபுரத்தை நெடுக அறுத்து, வழிபாட்டறை, படுக்கை, புத்தக அடுக்கு, சுருள் படி எல்லாவற்றையும் காட்டுகிற படம் அது. அதை வெட்டிவிட்டால் செலவு பாதியாகும் என்று அச்சகத்தார் சொன்னார். அதற்காகத்தான் ஓவிய ஆசிரியர் எட்டு மாதம் உட்கார்ந்தார். வெட்ட மனசு வரவில்லை.

200 பிரதிகள் அரசுப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகப் போகும். ₹500க்கு மேல் தருகிறவர்களுக்கு ஒரு பிரதி உண்டு. ₹50 தந்தாலும் ரசீது தருவோம். தை முடிவதற்குள், இந்தத் தாளை உங்களிடம் கொடுத்த உறுப்பினரிடமோ பொருளாளரிடமோ சேர்த்துவிடுங்கள். மிச்சம் விழுந்தால் அடுத்த கூட்டத்தில் கணக்கோடு சொல்வோம். கடைசிப் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்கள் வரும். பெயர் வேண்டாம் என்பவர்கள் ரசீதிலேயே குறித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழு