கழுத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ணணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

கழுத்தை சட்டுனு திருப்பி சொடக்கு சத்தம் வர்ற வீடியோவ பாத்துட்டு நிறைய பேர் கைரோபிராக்டர்கிட்ட (முதுகெலும்பையும் மூட்டையும் கையால அழுத்தி, திருப்பி வைத்தியம் பாக்கறவங்க) போறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி நடக்கவேண்டிய பரிசோதனைய யாரும் காட்டறதில்ல. 1895ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச முறை இது, ஒழுங்கா படிச்சவங்க முதல்ல வலி எப்ப வந்துச்சு, கால் மரத்துப்போகுதா, எலும்பு பலவீனம், கேன்சர் ஏதாச்சும் இருந்துச்சானு கேப்பாங்க, அப்புறம் நிக்கவச்சு தோளும் இடுப்பும் சமமா இருக்கானு பாத்து, குனிய நிமிர சொல்லி, முதுகெலும்ப விரலால ஒவ்வொண்ணா அழுத்தி பாத்து, மல்லாக்க படுக்கவச்சு முட்டி மடங்காம காலை தூக்குவாங்க, அப்ப வலி முட்டிக்கு கீழ வரைக்கும் பாஞ்சா நரம்பு அழுந்துதோனு சந்தேகப்படணும். எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவையில்ல. திடீர்னு யூரின் கன்ட்ரோல் போச்சுனா உடனே ஆஸ்பத்திரிதான். ஒரு கேள்வியும் கேக்காம கழுத்தை திருப்புறவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க, ரொம்ப அரிதா ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் கூட வந்திருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி