அதிர்வைக் குறைக்கும் ஷீட்டும் தருமபுரி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைபர் தகடுகளில் (இழைத்துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கிச் செய்தவை) அதிர்வைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓசூரில் ஜெனரேட்டருக்கும் கம்ப்ரசருக்கும் ஃபைபர் மூடி செய்து கொடுக்கும் பட்டறைக்காரன் நான். தகட்டின் மேல் ரப்பர் மாதிரியான ஷீட்டை ஒட்டினால் போதும், தடிமன் கூடக் கூட நல்லது என்று கட்டுரை முடிகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஷீட்டைச் சும்மா மேலே ஒட்டினால், தகடு வளையும்போது அதுவும் கூடவே நீண்டு சுருங்கும், அவ்வளவுதான். நல்ல தடிமனாக ஒட்டினால்தான் பலன் தெரியும், எடையும் ஏறும். எடை குறையட்டும் என்றுதானே இரும்பை விட்டு ஃபைபருக்கு வந்தோம்? அதே ஷீட்டின் முதுகில் விறைப்பான மெல்லிய தகடு ஒன்றையும் ஒட்டிவிட்டால் கதையே வேறு. வளையும்போது இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று நழுவிப் போகப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ஷீட், அதாவது அந்த மென்மையான படலம், பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். 1959-லேயே அமெரிக்காவில் எட்வர்ட் கெர்வின் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டில் அலுமினியத் தாள் இருப்பது அழகுக்காக அல்ல. தாளும் ஷீட்டும் தகடு அதிகமாக வளையும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் போல்ட் போட்ட தகடு என்றால் போல்ட் பக்கம். ஆடும் நுனியில் ஒட்டுவது வீண்.

சரி, இதைக்கூட விட்டுவிடலாம். கட்டுரை வெப்பநிலையைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாததைத்தான் விட முடியவில்லை. இந்த ஷீட் விஸ்கோஎலாஸ்டிக் பொருள், அதாவது பாதி ரப்பர் போலவும் பாதி கெட்டியான பாகு போலவும் நடந்துகொள்வது. அது குளிரில் கண்ணாடி போல இறுகிவிடும். சூட்டில் தளர்ந்து, இழுபட்டாலும் ஆற்றலை அதிகம் விழுங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வெப்பநிலை வரம்பில்தான் அது முழுத் திறமையையும் காட்டும். அதிர்வு வேகமாக வேகமாக அந்த வரம்பு சூடான பக்கம் நகரும். அதிர்வை எவ்வளவு அடக்கும் என்று ஷீட் விற்பவர்கள் பெரிதாக அச்சிடும் எண் பெரும்பாலும் அறை வெப்பத்தில் எடுத்தது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் இங்கே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து "அடடா, சத்தமே இல்லை" என்று அனுப்பிய மூடி, சித்திரையில் தருமபுரியில் திறந்தவெளியில் நிற்கும். உள்ளே இன்ஜின் சூடு வேறு. அங்கே சத்தம் திரும்பி வந்தால் பழி ஃபைபர் செய்தவன் மேல்தான் விழுகிறது.

படலத்தை ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலேயே வைத்து அடுப்பில் சேர்த்து வேகவைக்கும் முறையைக் கட்டுரை புகழ்கிறது. மேலே ஒட்டும் வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் வேகும் சூட்டில் எபாக்சி பிசின் படலத்துக்குள் இறங்கினால் அதன் குணம் கெடும். மென்மையான அடுக்கு நடுவில் இருப்பதால் அடுக்குகள் பிரியும் அபாயமும் கூடும். பாரம் தாங்கும் பாகத்துக்கு இந்த முறையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

பர்கூரிலும் தருமபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு முனையைப் பிடித்த ஃபைபர் பட்டையை 15, 30, 45, 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தட்டிவிட்டு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளப்பது இறுதியாண்டு மாணவர்களுக்கு ஏற்ற வேலை. கடையில் கிடைக்கும் ஷீட்களை வைத்தே அளந்தால் போதும். அப்படி யாராவது செய்தால் அந்த வரைபடத்தைத் தங்கள் இதழில் வெளியிடுங்கள். எங்களைப் போன்ற பட்டறைகள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறை நடத்தும் வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.