நடுச்சுவரைத் தொடாதே

லிஸ்பன்,
ஜூன், திங்கட்கிழமை இரவு

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லோரும் சுகம். பேரன் நன்றாகப் பேசுகிறான், தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்து. தங்கைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். விசாரிப்பு இத்துடன் போதும். எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்காக.

நேற்று இரவு உன் செய்தி வந்தது. கீழ்த்தளத்து நடுச்சுவரை எடுத்துவிட்டு முன்பக்கம் முழுவதையும் கடைக்கு வாடகைக்கு விடப்போகிறாய், மேஸ்திரி சரி என்றுவிட்டார், ஆடி பிறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இவ்வளவையும் இரண்டு வரியில் எழுதி, கடைசியில் ஒரு சிரிப்புப் படமும் போட்டிருக்கிறாய். போன் செய்தால் என்னைப் பேசவிடமாட்டாய். 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லிக்கொண்டே செய்ய நினைத்ததைச் செய்கிறவன் நீ. காரைக்கால் தண்ணீர்த்தொட்டி விவகாரத்தைக் கிளற எனக்கு விருப்பமில்லை. எழுத்தில் இருந்தால் தங்கையும் படிப்பாள், அவள் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் செய்தி மனத்தில் இருக்கும்போதே இன்று நானும் மரகதமும் இந்த ஊரை நாள் முழுக்க நடந்து பார்த்தோம். மகள் மணிவாரியாக ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தாள். மரகதம் அதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, "பிடித்த இடத்தில் உட்காருவோம், பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போவோம்" என்றாள். அவள் முழங்காலுக்கு அதுதான் ஒத்துவரும். ஏழு குன்றுகளின் ஊர் என்று லிஸ்பனைச் சொல்வார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றம்தான். பள்ளத்தில் சமமாகக் கிடப்பது பைஷா என்கிற நடு நகரம் ஒன்றே. அதனால் அங்கேயே தொடங்கினோம்.

ரொசியோ சதுக்கத்தின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து அலை அலையாகக் கோலம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கல், சுத்தியலால் கையாலேயே உடைத்து உட்கார வைத்தது. இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க நகராட்சியே 1986 முதல் ஒரு பள்ளி நடத்துகிறது. ஓரத்தில் ஒருவர் முழங்காலிட்டுப் பெயர்ந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கல்லைக் கையில் புரட்டிப் பார்ப்பார், ஒரு தட்டு தட்டுவார், வைப்பார். நம் மேஸ்திரிகள் பார்க்க வேண்டும். நான் நகர மாட்டேன் என்று தெரிந்து மரகதம் ஒரு பெஞ்சைப் பிடித்துவிட்டாள்.

பக்கத்திலேயே சாவோ டொமிங்கோஸ் தேவாலயம். 1959-ல் உள்ளே தீப்பிடித்து எரிந்தது. பிறகு கூரை போட்டார்கள், வண்ணம் பூசினார்கள். ஆனால் தீயில் வெடித்துச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்த தூண்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். கை வைத்துப் பார்த்தேன். கல் உரித்தது போல் இருக்கிறது. 1506-ல் இந்த இடத்தில் தொடங்கிய கலவரத்தில்தான் மதம் மாறியிருந்த யூதர்களை ஊரே சேர்ந்து கொன்றது. அதற்கும் வாசலுக்கு எதிரே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. மரகதம் நின்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1755 நவம்பர் 1, காலை ஒன்பதரை மணி தாண்டிய நேரம். சகல புனிதர் திருநாள், ஊரே கோயில்களில் இருக்கிறது, எங்கும் மெழுகுவத்தி எரிகிறது. அந்த நேரத்தில் பூமி பல நிமிடங்கள் ஆடியது. தப்பியவர்கள் திறந்த வெளி என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கி ஆற்றின் அடி தெரிந்தது. பிறகு அலை வந்தது. மிச்சத்தைத் தீ எடுத்துக்கொண்டது. ஐந்தாறு நாள் எரிந்ததாம். அரண்மனை போயிற்று, அதிலிருந்த நூலகம் போயிற்று, அந்த ஆண்டுதான் திறந்த இசைநாடக அரங்கும் போயிற்று. அரசர் முதலாம் ஜோசே அதன் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்க மறுத்து, குன்றின்மேல் மரத்தாலும் துணியாலும் அமைத்த அரண்மனையிலேயே காலத்தை ஓட்டினார்.

ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பு மந்திரியிடம் வந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். அவருக்கு வழி சொன்னவர் ராஜ்யத்தின் தலைமைப் பொறியாளர் மானுவேல் ட மாயா. அப்போது அவருக்கு வயது 78, ராஜு. நாமெல்லாம் ஓய்வு பெற்று ஈசிசேரில் சாய்ந்துவிட்டோம். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக எழுதினார்: பழையபடியே கட்டலாம், தெருவை அகலப்படுத்திக் கட்டலாம், மாடியைக் குறைத்துக் கட்டலாம், எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிப் புதிதாகத் தெரு போடலாம், இந்த இடத்தையே விட்டுவிட்டு பெலேம் பக்கம் போய்விடலாம். ஒவ்வொன்றின் சாதக பாதகத்தையும் வைத்தார். இடிபாட்டை வைத்தே தரையை மேடாக்கி, நேர்கோட்டில் தெருக்கள் போட்டு, இப்போது நாங்கள் நடந்த பைஷா எழுந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது சுவருக்குள் இருக்கிறது. பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் காபி குடிக்க ஏறினோம். அங்கே சுவரின் ஒரு பகுதியில் பூச்சை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியே பார்க்க அது காரைச் சுவர்தான், உள்ளே நிற்பதோ மரம். செங்குத்தாகக் கட்டை, படுக்கையாகக் கட்டை, கட்டத்துக்குக் கட்டம் மூலைக்கு மூலை பெருக்கல் குறியாகக் குறுக்குக் கட்டை. இடைவெளியில் கல்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பிப் பூசிவிட்டார்கள். இங்கே இதை கயோலா என்கிறார்கள், கூண்டு. கண்ணாடி ஓரத்தில் விரல் போகிற அளவு சந்து இருந்தது. குறுக்குக் கட்டைகள் சந்திக்கிற இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் பாதிப் பாதி கனம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை உட்கார வைத்திருக்கிறான் தச்சன். மேலே ஒரே ஆணி, தலை கறுத்துத் துருவேறி. உளி இறங்கிய தடம் அழியவில்லை. காபி ஆறிப்போனது. மரகதம் என் பங்குக் கேக்கையும் சாப்பிட்டுவிட்டாள்.

பூமி ஆடும்போது கல் உதிரலாம், காரை உதிரலாம். கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும், மாடி தலையில் விழாது. இந்த மாதிரிக் கூண்டு ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் சிப்பாய்களை அடி பதித்து நடக்கவைத்துத் தரையை அதிரச் செய்து பார்த்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். காஷ்மீரில் மரச்சட்டமும் செங்கலுமாகக் கட்டுகிற 'தஜ்ஜி' வீடுகளும் இதே குடும்பம்தானே? வாத்தியார் கரும்பலகையில் வரைந்து காட்டியது நினைவிருக்கும், நீ அன்று வகுப்பில் இருந்திருந்தால்.

கூண்டு தொடங்குவது முதல் மாடியில்தான். கீழ்த்தளம் கல் தூணும் வளைவுமாக நிற்கிறது. தீ கீழிருந்து மேலே ஏறக்கூடாது என்பதும் ஒரு காரணம். அவ்வளவு பாரமும் கடைசியில் வந்து இறங்குவது கீழ்த்தளத்தில். பிற்காலத்தில் வந்தவர்கள் எதில் கை வைத்தார்கள் தெரியுமா? கடையின் முன்பக்கம் அகலமாக வேண்டும் என்று கீழ்த்தளத்துத் தூண்களை எடுத்தார்கள். கதவு வைக்கக் குறுக்குக் கட்டையை அறுத்தார்கள். குழாய் போடச் சட்டத்தைக் குடைந்தார்கள். மேலே கூடுதலாக மாடியும் ஏற்றினார்கள். இங்குள்ள பொறியாளர்களின் பெரிய கவலை இதுதான்: இந்த மாதிரிக் கை வைத்த கட்டடங்கள் அடுத்த நடுக்கத்தில் என்ன ஆகும்? வெளியே மஞ்சள் பூச்சும் பச்சைக் கதவுமாக அழகாகத்தான் நிற்கின்றன. அந்தத் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு அகலமான கடையையும் பார்த்து, இங்கே என்ன இருந்தது, எதை எடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டே போனேன். எந்தக் கடையைப் பார்த்தாலும் உன் வீடுதான் கண்முன் வந்தது.

கொரியேய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தோண்டிய இடத்தை இலவசமாகக் காட்டுகிறார்கள். ரோமானியர் மீனை உப்பில் ஊறப்போட்ட தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. மரகதத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எவ்வளவு உப்பு, எத்தனை நாள் ஊறல் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் மகள் வீட்டில் கற்ற ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே பொம்பால் காலத்து அஸ்திவாரம்: ஈர மண்ணில் நெருக்க நெருக்கமாக அடித்த பைன் கழிகள். தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை மரம் உளுக்காது. காற்றுப் பட்டால் போச்சு. உன் வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலும் உப்பு மண்தான் என்பதை நீ மறந்துவிட்டாய்.

மத்தியானம் அல்ஃபாமா பக்கம் ஒரு சந்தில் சாப்பாடு. குன்றில் ஏற முடியாதவர்களுக்கு ஃபாங்கேய்ரோஸ் தெருவிலிருந்து நகராட்சியின் இலவச லிஃப்ட் இருக்கிறது. ஜூன் முழுக்க இவர்களுக்குப் புனித அந்தோணியார் கொண்டாட்டம். வீட்டு வாசல்தோறும் கரி அடுப்பில் மத்தி மீன் சுடுகிறார்கள். கல் உப்பு தவிர ஒன்றும் கிடையாது. சுட்ட மீனை ரொட்டியின்மேல் வைத்துத் தருகிறார்கள், எண்ணெய் ரொட்டியில் இறங்கிவிடுகிறது. மிளகாய்த்தூள் இல்லாமல் மீனா என்று கேட்காதே, சாப்பிட்டால் பேசமாட்டாய்.

சாயங்காலம் ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு இறங்கினோம். அரண்மனை இருந்த இடம் அது. இரண்டு கல் தூண்களுக்கு நடுவே படிக்கட்டு நேராக டேகஸ் ஆற்றுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. பிள்ளைகள் கடைசிப் படியில் நின்று கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் படித்துச் சொன்னதை மரகதம் திரும்பக் கேட்டாள். தண்ணீர் உள்வாங்கியதைப் பார்க்க இங்கேயும் ஜனங்கள் நின்றார்களா என்றாள். நின்றார்கள் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. யாரை நினைத்தாள் என்று உனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று கீச்சாங்குப்பத்தில் நீயும் நானும் சேர்ந்துதான் தேடினோம். அவளை ஒரு வார்த்தையும் சொல்லித் தேற்ற எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளாகவே எழுந்து, "மேலே அந்தக் கூரையில்லாத கோயில் இருக்கிறதாமே, அதையும் பார்த்துவிடலாம்" என்றாள்.

அது கார்மோ மடம். மேட்டுக்குப் போக ஊர்க்காரர்கள் மெட்ரோ ரயில் நிலையத்தின் நகரும் படிகளைத்தான் பிடிக்கிறார்கள். 1902-ல் கட்டிய இரும்பு லிஃப்டுக்கு முன்னால் சுற்றுலாக் கூட்டம் வெயிலில் காத்து நின்றது. கார்மோவில் 1755-ல் கூரை விழுந்தது. திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள், 1834-ல் மடங்களைக் கலைத்தபோது அது நின்றது. அதற்குப் பிறகு இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கூரை இல்லாமல் வளைவுகள் மட்டும் விலா எலும்பு போல வானத்தில் நிற்கின்றன, கீழே புல். வாசலில் உள்ள சின்னச் சதுக்கத்தில் ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவைக் கொட்டியிருந்தன. 1974 ஏப்ரல் 25-ல் சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் சரணடைந்ததும் இந்தச் சதுக்கத்தில்தான். பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும் நேரம்வரை பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்கிறாயா? முக்கால்வாசி உன் சுவரைப் பற்றித்தான்.

கேள், ராஜு. உன் அப்பா கட்டிய வீடு செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாகச் சுவர் தாங்குகிற வீடு. தூண் கிடையாது, பீம் கிடையாது. மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்குகிற தேக்குக் கட்டைகள் அத்தனையும் அந்த நடுச்சுவரில்தான் தலை வைத்திருக்கின்றன. மாடியில் பூஜை அறைச் சுவர் அதே கோட்டில் அதன்மேல் நிற்கிறது. இரும்பு கர்டர் போட்டுத் தாங்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. கர்டர் தாங்கும், அதன் இரண்டு முனையும் எதில் உட்காரும்? சுவர் முழுக்கப் பரவியிருந்த பாரம் இரண்டு இடத்தில் குவியும், கீழே உப்பில் அரித்த செங்கல். அதற்கு அடியில் கான்கிரீட் படுகை வேண்டும், அந்த இடத்தில் கடைக்காலை அகலப்படுத்த வேண்டும், வேலை முடியும்வரை மாடியை முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2001-ல் பூஜ் பூகம்பத்தன்று அகமதாபாத்தில் கீழ்த்தளத்தைத் திறந்து விட்ட அடுக்குமாடிகள் எப்படி உட்கார்ந்தன என்று நீதான் எனக்குப் படம் காட்டினாய். நாகையில் பூகம்பம் எங்கே வரும் என்பாய். பூகம்பம் வேண்டாம், முட்டுக் கொடுக்காமல் நாலு வரிசைச் செங்கலை உருவினாலே போதும்.

கடை வைக்காதே என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பணம் தேவை என்று தெரியும், எதற்கு என்றும் தெரியும். முழுச் சுவரையும் எடுக்காமல் நடுவில் இரண்டு திறப்பு மட்டும் விட்டு, மேலே வளைவு கட்டி, கடையை இரண்டாகப் பிரித்து விடலாம். வாடகை கொஞ்சம் குறையும். நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆடி முதல் வாரம் ஊருக்கு வந்துவிடுவோம். வந்ததும் நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். அதுவரை மேஸ்திரி உளியைக் கையில் எடுக்கக்கூடாது. முன்பணம் கொடுத்திருந்தால் வெளிப்பூச்சு வேலையைச் செய்யச் சொல்.

நாளைக்கே எனக்குப் படம் அனுப்பு: சுவரின் இரண்டு பக்கமும், மேலே கட்டை வந்து உட்காரும் இடமும். சுவர் ஒன்றரைச் செங்கல் கனமா, இரண்டு செங்கல் கனமா என்று அளந்து எழுது. மாடியில் பூஜை அறை மூலையில் முன்பு ஒரு வெடிப்பு இருந்ததே, அது அகலமாகியிருக்கிறதா என்றும் பார்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: தங்கைக்கு மரகதம் தகர டப்பாவில் மத்தி மீன் வாங்கியிருக்கிறாள், கருவாடு வேறு தேடிக்கொண்டிருக்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். படம் வந்த பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.