டேங்குக்குள் விட்ட குச்சி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பாப்பா பிளஸ் டூ பரீட்சையை நல்லபடியாக எழுதியதில் சந்தோஷம். இங்கே அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம். ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடை. 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் லோடு கிடையாது. வண்டி வாசலில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

உன் வண்டியில் டீசல் போட்டாலும் டீசல் மீட்டர் முள் காலி என்ற கோட்டிலிருந்து எழவில்லை, மீட்டர் போர்டையே மாற்றணும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார் என எழுதியிருந்தாய். அவசரப்படாதே. இதே முள்ளால் நான் பட்ட பாட்டை முதலில் கேள்.

எங்கள் பிக்கப்பில் டேங்க் கிட்டத்தட்ட 60 லிட்டர் பிடிக்கும். பொங்கலுக்கு அப்புறம், வாய் வரை நிரப்பினாலும் முள் முக்காலுக்கு மேல் ஏறவில்லை. திருச்சிக்கு மீன் இறக்கிவிட்டு நாகைக்குத் திரும்பினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நான் முள்ளைச் சந்தேகப்படவில்லை, டிரைவர் தம்பியைச் சந்தேகப்பட்டேன். நாலு வருஷமாக என்னிடம் இருப்பவன். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மூங்கில் குச்சியில் கோடு கிழித்து, அவன் வண்டி எடுக்கும் முன்னாலும் வந்த பிறகும் டேங்குக்குள் விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் எதிரிலேயே. அதைவிடக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் ஒழுங்கான கணக்கு ஒன்று போட்டேன். டேங்கை நிரப்பி, கூடவே உட்கார்ந்து திருச்சி போய்த் திரும்பி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பினேன். 280 கிலோமீட்டருக்குப் பிடித்தது 23 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர். அவன் தனியாகப் போன நடைகளின் பில்லை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே 12.

சரி, முள்தான் பொய் சொல்கிறது என்று தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். காலி என்று காட்டினாலும் ஐந்தாறு லிட்டர் இருக்கும், ஓட்டு என்றேன். முள் அடியில் படுத்துவிட்டால் ஐந்து லிட்டருக்கும் ஒன்றுமில்லாததற்கும் வித்தியாசம் தெரியாதே! விடியற்காலை நாலு மணிக்கு நீடாமங்கலம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. டீசல் வண்டி வறண்டு நின்றால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, ஏர் லாக் ஆகியிருக்கும், டீசல் வரும் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி ஏர் எடுக்க முக்கால் மணி நேரம். பின்னால் ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது.

தடை தொடங்கிய மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையின் மேல் நகரும், டேங்க் யூனிட் என்பது அவ்வளவுதானே. எங்கள் வண்டியில் டேங்க் நிறைந்தால் ஓம், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளவு, குறையும், காலியானால் ஏறும். டேங்க் யூனிட்டில் ஒயர் சொருகும் கப்ளரைக் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்தேன், முள் காலியில் நின்றது. கேஜுக்கு, அதாவது முள் இருக்கும் மீட்டருக்குப் போகும் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸில் தொட்டதும் நிறைவுக்கு ஏறியது. ஆக கேஜும் நல்லது, ஒயரும் நல்லது. அடுத்து மல்டிமீட்டர். நிறைந்த டேங்கில் யூனிட்டின் இரண்டு முனைக்கும் நடுவே 5 ஓம். கப்ளரை மாட்டி, சாவியை எடுத்துவிட்டு, சிக்னல் முனைக்கும் சேஸுக்கும் நடுவே வைத்தால் 18. நடுவில் அந்த 13 ஓம் எங்கிருந்து வந்தது?

எர்த், கரண்ட் சேஸ் வழியாகத் திரும்பும் பாதை. யூனிட்டின் எர்த் ஒயர் சேஸில் போல்ட் போட்டிருக்கும் இடம், மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே. முறுக்கியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, ஒயர் நுனிக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். முள் நேரே நிறைவுக்குப் போய் நின்றது. செலவு நாற்பது ரூபாய்கூட இல்லை.

உன் வண்டிக்கு வருவோம். வெப்ப முள் ஒழுங்காக வேலை செய்கிறதா? செய்தால் மீட்டர் போர்டுக்குக் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அப்புறம் நான் செய்த மாதிரி கப்ளரில் சோதித்துப் பார். ஒயரைத் தொடும்போது முள் அசைந்தால் மீட்டர் போர்டுக்குக் காசு கொடுக்காதே. எர்த்தும் சரியாக இருந்தால் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடு, பீடி பிடிக்கிறவனைப் பக்கத்தில் விடாதே. உன்னுடையது அடியிலேயே கிடப்பதால் எனக்கு மிதவை மேல்தான் சந்தேகம். காதருகே வைத்துக் குலுக்கு. உள்ளே தளும்பினால் அது டீசல் குடித்துவிட்டது. சத்தம் இல்லையென்றால் வெந்நீரில் அமுக்கிப் பார், ஓட்டை இருந்தால் குமிழி வரும். முள் குதித்துக் குதித்து ஆடினால் கதை வேறு, பட்டை தேய்ந்திருக்கும்.

ஒன்று மட்டும். உன் மைத்துனரின் புது வண்டியில் இந்த ஒயர் தொடும் வேலையைச் செய்யாதே. அதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது, ஸ்கேனர் வைத்திருக்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

டிரைவர் தம்பியிடம் எர்த் ஒயர் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். “அந்தக் குச்சியை என்ன பண்றதுண்ணே?” என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தடைக்காலச் சம்பளத்தில் பாதிதான் கொடுப்பது வழக்கம், இந்த முறை முழுசாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கப்ளரைக் கழற்றிப் பார்த்துவிட்டு முள் என்ன செய்தது என்று எழுது. ஜூன் 14-க்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. பெரிய மீன் கிடைக்காவிட்டாலும் நாட்டுப் படகு மத்தி கிடைக்கும், அம்மா குழம்பு வைப்பாள்.

உன்
ராசு