17ஆம் நாள் கணக்கு

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த முட்டி வலியோடு பஸ்ஸில் அத்தனை தூரம் உட்கார்ந்து வர முடியவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

பேங்க் வேலையை விட்டு வந்து மேச்சேரி செம்மறி ஆடு வளர்க்கிறாய், சரி. ஒவ்வொரு பெட்டையும் பருவத்துக்கு வந்த தேதியை டைரியில் குறிக்கிறாய் பார், அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். லெட்ஜர் எழுதிய கை சும்மா இருக்குமா? ஆனால் அந்த டைரியிலிருந்து நீ கேட்ட கேள்வி லேசுப்பட்டதல்ல. சினை பிடிக்காத பெட்டை 16, 17 நாளில் மறுபடி பருவத்துக்கு வருகிறது, சினை பிடித்தது வருவதில்லை. உள்ளே கடுகளவு கூட இல்லாத கரு இருப்பது ஆட்டின் உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் ஒரு திரட்டு வளரும். கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர், நாங்கள் சி.எல். என்போம். புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பது அதன் வேலை. அது இருக்கும்வரை ஆடு பருவத்துக்கு வராது. கரு தங்காவிட்டால் அதைக் கரைத்தாக வேண்டும். கரைப்பது கர்ப்பப்பை, அது அனுப்பும் பிராஸ்டாகிளாண்டின் எஃப்-2 ஆல்ஃபா என்ற பொருளைக் கொண்டு.

கர்ப்பப்பை இதைத் தன்னிச்சையாக அனுப்பிவிடாது. ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து கேட்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் ஏற்பிகள் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் கர்ப்பப்பையின் உள்தோலில் கிடையாது. புரொஜெஸ்டிரோன் அவற்றைத் தலைதூக்க விடாது. ஆனால் அத்தனை நாள் ஓயாமல் சுரந்ததாலேயே உள்தோல் புரொஜெஸ்டிரோனுக்கான தன் ஏற்பிகளையே இழந்துவிடுகிறது. பிடி தளர்ந்ததும் வளரும் முட்டைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஆக்ஸிடோசின் ஏற்பிகளை முளைக்க வைக்கிறது. அப்புறம் ஆக்ஸிடோசின் வந்து தொட்டால் போதும். செல்லுக்குள் கால்சியம் ஏறும், சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு வெட்டி எடுக்கப்படும், காக்ஸ் நொதி அதைப் பிராஸ்டாகிளாண்டினாக மாற்றும். நீ தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் முடக்குவதும் இந்தக் காக்ஸைத்தான்.

அந்த ஆக்ஸிடோசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொஞ்சம் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. மீதி சி.எல்.லிலிருந்தே! செம்மறியின் சி.எல். ஆக்ஸிடோசினைச் சேர்த்து வைத்திருக்கும். பிராஸ்டாகிளாண்டின் வந்து தாக்கியதும் அதை வெளியே விடும், அது கர்ப்பப்பைக்குப் போய் இன்னும் பிராஸ்டாகிளாண்டினை வரவழைக்கும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். இது ஒரே மூச்சில் நடக்காது. சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு வீச்சாக விட்டுவிட்டு வரும். நாலைந்து வீச்சில் சி.எல். முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல். பிராஸ்டாகிளாண்டின் ரத்தத்தோடு நுரையீரலைக் கடந்தால் ஒரே சுற்றில் பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால் குறுக்கு வழி. சூலகத்துக்குப் போகும் தமனி, கர்ப்பப்பையிலிருந்து வரும் சிரையின்மேல், அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடி மாதிரி ஒட்டிச் சுருண்டு கிடக்கிறது. சிரையிலிருந்து தமனிக்கு நேரே கசிந்துவிடுகிறது. கர்ப்பப்பையின் இரண்டு கிளைகளில், கொம்பு என்போம், ஒன்றை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து சி.எல். மட்டும் கரையாமல் நிற்பது இதனால்தான். அமெரிக்காவில் மெக்கிராக்கனும் கூட்டாளிகளும் சூலகத்தை ஆட்டின் கழுத்துக்கு மாற்றி வைத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பை அனுப்பும் பொருள் பிராஸ்டாகிளாண்டின்தான் என்று அவர்கள் அறிவித்தது 1972இல். மாணவனாக அதைப் படித்தபோது யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது உன் கேள்விக்கு. கரு 12ஆம் நாள் வாக்கில் உருண்டை வடிவம் விட்டு நீள ஆரம்பிக்கும். ஓரிரு நாளில் நூலாக 10 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். அப்படி நீளும்போதே இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கும். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்துப் பிள்ளைதான், இங்கே வேலை வேறு. ஈஸ்ட்ரோஜன், ஆக்ஸிடோசின் ஏற்பிகளை உள்தோலில் முளைக்க விடாமல் அடக்கிவிடும். கேட்க ஆளில்லை, வீச்சும் இல்லை, சி.எல். பிழைத்தது. கேம்பிரிட்ஜில் மூரும் ரோசனும் 1966இலேயே காட்டியது இதன் காலக் கெடு: கரு 12ஆம் நாளுக்குள் உள்ளே இருந்தாக வேண்டும், அதைத் தாண்டி வேறு ஆட்டின் கருவை எடுத்து வைத்தால் பயனில்லை.

பக்கத்து ஊர்க்காரர் எல்லா ஆட்டையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவரப் போடுவதாகச் சொன்னாயே, அந்த ஊசியும் இதே பிராஸ்டாகிளாண்டின் சரக்குதான். பருவம் முடிந்து முதல் சில நாளில் போட்டால் சி.எல். மசியாது, அதனால்தான் இரண்டாவது ஊசி. சினை ஆட்டுக்குப் போட்டால் கரு கலையலாம். டைரியில் தேதி தெளிவாக இல்லாத ஆட்டுக்குப் போடவே வேண்டாம். மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும், உன் மருமகள் மாசமாக இருக்கிறாள் அல்லவா, அந்தக் குப்பி பக்கமே அவளை விடாதே. உனக்கும் இழுப்பு உண்டு, நீயும் தொடாதே. டாக்டரே வந்து போடட்டும்.

பொங்கலுக்கு அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறேன். டைரியை எடுத்து வை.

அன்புடன்,
ராசு