கயலுக்கு, சனிக்கிழமை மலையேறும் முன்

அன்புள்ள கயல் கண்ணு,

சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்கும், தனியாக ஆரக்கர் மலைகளுக்குப் போகப் போகிறேன் என்று போனில் சொன்னாய். தடுப்பதற்காக இதை எழுதவில்லை. அக்டோபர் நடுவில் காற்று அடங்கி, வெயிலும் அடிக்கிற நாள் ஸ்காட்லாந்தில் கிடைத்தால் அறைக்குள் உட்கார்ந்திருப்பது பாவம். கடிக்கிற சின்ன மிட்ஜ் பூச்சிகள் அடங்கியிருக்கும். மலைப்புல் முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு மாறி, சாய்வெயிலில் செம்பு போல மின்னும். ஆண் மான்கள் இணை தேடும் பருவம் என்பதால் பள்ளத்தாக்கில் அவை அடித்தொண்டையில் கத்துவது கேட்கும். மாடு கத்துகிறதோ என்று நினைப்பாய். பக்கத்தில் போகாதே.

இப்படிப்பட்ட நாளில் மழைக்கோ புயலுக்கோ நான் பயப்படவில்லை. வெளிச்சம் தீர்ந்துபோவதற்குத்தான் பயப்படுகிறேன். அக்டோபர் 15 வாக்கில் கிளாஸ்கோ பக்கம் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் தாண்டிவிடும், மாலை ஆறேகாலுக்கு மறைந்துவிடும். அதனால் முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம்.

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து காலை ரயிலில் போய் ஆரக்கர் அண்ட் டார்பெட்டில் இறங்கினால், அங்கிருந்து லாக் லாங் ஏரியின் தலைப்பக்கத்தில் இருக்கும் சக்கத் கார் நிறுத்தத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஆக, மலைப்பாதையில் நீ கால் வைக்கும்போது மணி 10 என்று வைத்துக்கொள். லாக் லாங் கடலோடு சேர்ந்த நீர், அதனால் ஏற்றம் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. உன் திட்டத்தில் பென் ஈம் (1011 மீட்டர்), பென் நார்னேன் (926 மீட்டர்), கோப்ளர் (884 மீட்டர்) மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் மன்ரோ, அதாவது 3000 அடிக்கு மேற்பட்டவை. மூன்றுக்கும் நடுவே 637 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது, பெயர் பியாலக் அ வைம். அதிலிருந்துதான் ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்க வேண்டும்.

1892-இல் வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஓய்வையும் சாப்பாட்டையும் சேறையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, நீ ஐந்தில் ஒரு பங்காவது கூட்டிக்கொள். சக்கத்திலிருந்து கணவாய்க்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 637 மீட்டர் ஏற்றம்: இரண்டரை மணி நேரம். மணி 12:30. அங்கிருந்து பென் ஈம் உச்சிக்கு ஒரு மணி பத்து நிமிடம்: 1:40. கால் மணி உட்கார்ந்துவிட்டு மறுபடி கணவாய்க்கு இறங்கும்போது 2:35. இனி நார்னேன் ஏறி இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம்: 4:20. கணவாயிலிருந்து சக்கத்துக்கு இறங்க இன்னொரு ஒன்றே முக்கால்: 6:05. சூரியன் மறைய பத்து நிமிடம்தான் மிச்சம். ஒரு ஷூ கயிறு அறுந்தாலும், ஒரு இடத்தில் வழி தவறினாலும், முழங்கால் வலித்து நடை மந்தமானாலும் இருட்டுக்குள்தான் இறங்குவாய். கோப்ளரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், மூன்று வேண்டாம். முதலில் ஈம். அது முடிந்து கணவாய்க்குத் திரும்பும்போது மணி 2:15-க்குள் இருந்தால் நார்னேனுக்குப் போ. ஐந்து நிமிடம் தாண்டிவிட்டாலும் நேரே கீழே இறங்கு. இந்த நேரத்தை வெள்ளிக்கிழமை இரவே ஒரு தாளில் எழுதி வரைபடத்தோடு வைத்துக்கொள். மேலே போனபின் நார்னேன் பக்கத்தில்தான் இருக்கிறது, வெயிலும் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். அப்போது முடிவெடுக்க உட்காராதே, தாளில் எழுதியதைச் செய். கூட ஒருவர் இருந்தால் “போதும், வா” என்று சொல்வார். தனியாகப் போகிறவளுக்கு அந்தத் தாள்தான் கூட்டாளி.

பாதையைச் சொல்கிறேன். சாலையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறும் நல்ல பாதை. இங்கே வேகமாக நடந்து வியர்த்துவிடாதே. முதல் பத்து நிமிடம் குளிரக் குளிரவே நட. ஜாக்கெட்டோடு ஏறி உள்சட்டை நனைந்தால் மேலே உட்காரும்போது அந்த ஈரம்தான் நடுக்கும். முந்நூறு மீட்டர் வாக்கில் ஒரு சிறு தடுப்பணை வரும், அங்கேதான் கோப்ளரின் முறிந்த முகம் முதலில் தெரியும். பக்கத்தில் ஓடும் ஓடையை அங்குள்ளவர்கள் மோர் ஓடை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பென் ஈம் என்றால் வெண்ணெய் மலை. மாடு மேய்த்துப் பால் கடைந்த ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஓடையோரமாகப் போனால் இரண்டு பெரிய பாறைகள், நார்னேன் பாறைகள். காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து ஏதாவது சாப்பிட ஏற்ற இடம். அதைத் தாண்டியதும் இடப்பக்கம் ஓடையைக் கடந்து ஒரு பாதை கோப்ளருக்குச் செங்குத்தாகப் போகும், கூட்டம் பெரும்பாலும் அதில்தான் திரும்பும். கூட்டத்தைப் பின்தொடராதே. நீ நேராகப் போய்க் கணவாயை அடைய வேண்டும்.

கணவாயிலிருந்து ஈம் வரை புல்வெளி, இடையிடையே சதுப்பு. பளிச்சென்ற பச்சையில் மெத்தை போல இருக்கும் பாசியைக் கண்டால் சுற்றிப் போ, முழங்கால் வரை உள்ளே போய்விடும். உச்சியிலிருந்து இறங்கும்போது திசை தெற்கு–தென்கிழக்கு. மேகம் மூடிய நேரத்தில் மேற்கே சரிந்தவர்கள் பட்டர்பிரிட்ஜ் பக்கம், வேறொரு பள்ளத்தாக்கில் போய் நிற்பார்கள். அங்கிருந்து நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வர வேண்டும். கிழக்குப் பக்கமோ செங்குத்து. காம்பஸை உச்சியிலேயே எடுத்துத் திசை பார்த்துவிட்டுக் கிளம்பு, நடக்க ஆரம்பித்துக் குழம்பிய பிறகு எடுப்பதில் பயன் குறைவு. நார்னேனிலிருந்து கணவாய்க்குத் திசை மேற்கு–வடமேற்கு. நார்னேனிலிருந்து தென்கிழக்கு முகட்டில் சக்கத்துக்கு நேரே இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. வரைபடத்தில் ஆசை காட்டும், ஆனால் உச்சியை விட்டதுமே பாறையில் கை வைத்து இறங்க வேண்டியிருக்கும், கீழே சேறும் செங்குத்தும். களைத்த காலோடு, தனியாக, சாயங்காலம் அந்த வழி வேண்டாம். ஏறிய வழியே இறங்கு.

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மலைகள் மைக்கா சிஸ்ட் என்ற கல்லால் ஆனவை. ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார், மீன் செதில் போல ஏடு ஏடாக இருக்கும், ஒவ்வொரு ஏட்டிலும் வெள்ளித்தூள் மின்னும். அந்த வழவழப்புத்தான் ஆபத்து. காய்ந்திருந்தால் பூட்ஸ் ஓரளவு பிடிக்கும், ஈரமானால் எண்ணெய் தடவிய அம்மிக்கல்தான். அக்டோபர் நடுவில் நண்பகலிலும் சூரியன் சுமார் 25 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அதனால் நிழல்பக்கக் கற்களில் இரவு விழுந்த பனி பகல் முழுக்கக் காய்வதில்லை, காலையில் கண்ணாடி போல மெல்லிய ஐஸாகவும் படிந்திருக்கும். மோர் ஓடைப் பள்ளத்தாக்குக்குத் தென்மேற்கில் கோப்ளர் நிற்பதால் பிற்பகலில் வெயில் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். நீ இறங்கும் பாதை அந்த நிழலில்தான் இருக்கும். கல்லின் சரிவான முகத்தில் காலை வைக்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வை. கைத்தடிகள் இரண்டையும் இறக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள். மலையில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போது சறுக்கித்தான் அடிபடுகிறார்கள்.

கோப்ளர் உச்சிப்பாறையில் ஒரு துளை வழியாக நுழைந்து, மறுபக்கம் குறுகலான திட்டில் நடந்து மேலே ஏறுவார்கள். என்றைக்காவது அங்கே போனாலும் தனியாக அதைச் செய்யாதே.

காலையில் ஆரக்கரில் இறங்கும்போது ஏரி தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தால் மனம் தளராதே. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குவதால் வருவது அது. பல நாட்களில் மேலே போகப் போக அதைத் துளைத்துக்கொண்டு வெயிலுக்கு வந்துவிடலாம், கீழே மேகமே கடலாய்க் கிடக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, உன் நிழல் அந்த மேகத்தில் விழுந்தால் தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அதற்காக ஐந்து நிமிடம் நின்றால் தப்பில்லை.

வானிலைக்குப் போனில் வரும் நகர முன்னறிவிப்பைப் பார்க்காதே. பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை முன்னறிவிப்பையோ, மலை வானிலைக்கென்றே இருக்கும் எம்டபிள்யூஐஎஸ் தளத்தையோ பார். அதில் முக்கியம் மேலே வீசும் காற்றின் வேகமும் மேகத்தின் அடிமட்டமும். கீழே 11 டிகிரி இருந்தால் ஈம் உச்சியில் 4 அல்லது 5 இருக்கும். அதோடு மணிக்கு 25 மைல் காற்று சேர்ந்தால் உடம்புக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போலத்தான். 40 மைல் என்று போட்டிருந்தால் அன்று பக்கத்திலிருக்கும் லாக் லோமண்ட் ஏரிக்கரையில் நட, போதும்.

பருத்தி உடை ஒன்றுகூட வேண்டாம், ஜீன்ஸ் கண்டிப்பாக வேண்டாம். நனைந்த பருத்தி காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி அல்லது சிந்தெடிக் உள்சட்டை, ஃப்ளீஸ், மழை ஜாக்கெட், மழைக் கால்சட்டை, குல்லாய், கையுறை இரண்டு ஜோடி. இதற்கு மேல், உட்காரும்போது போட, சிந்தெடிக் இழை திணித்த தடித்த ஜாக்கெட் ஒன்று. வெயில் நாள்தானே என்று அதை விட்டுவிடாதே. கணுக்கால் பிசகி ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார நேர்ந்தால் காப்பாற்றுவது அதுவும், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் சர்வைவல் பையும்தான். தலையில் மாட்டும் டார்ச்சில் புது பேட்டரி போடு. போன் டார்ச் அதற்கு மாற்று ஆகாது, வெளிச்சமும் போதாது, பேட்டரியும் போய்விடும். போன் குளிரில் சீக்கிரம் அணையும், அதை உள்ஜாக்கெட் பையில் உடம்போடு வைத்து, ஏரோப்ளேன் மோடில் போடு. ஆர்டினன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 56 காகித வரைபடம் கட்டாயம்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டாதே. கையுறையைக் கழற்றிச் சாப்பிடுவதற்குள் விரல் மரத்துவிடும். சப்பாத்தியில் முட்டையோ இட்லிப்பொடியோ வைத்துச் சுருட்டிக்கொள், கையுறையோடே கடிக்கலாம். கடலை மிட்டாய், பேரீச்சை வெளிப்பையில் இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் வாயில் போடு. தண்ணீர் ஒன்றரை லிட்டர், பிளாஸ்கில் சூடான டீ. குளிரில் தாகம் தெரியாது, நினைவாகக் குடி. சிறுநீர் கழிக்க ஓடையிலிருந்து முப்பது மீட்டராவது விலகிப் போ. காகிதமும் நாப்கினும் ஜிப் பையில் திரும்பி வர வேண்டும்.

எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை அறைத்தோழியிடம் எழுதிக்கொடு. என்னிடம் மட்டும் சொன்னால் போதாது. உனக்கு ஆறரை மணி என்றால் எனக்கு இரவு பதினொன்று, இங்கிருந்து நான் யாரை எழுப்புவது? இரவு எட்டு வரை உன்னிடமிருந்து செய்தி இல்லையென்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லிவை. வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள், தயங்க வேண்டாம். நீயும் இன்றே உன் போனிலிருந்து 999-க்கு ரெஜிஸ்டர் என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய். பேச முடியாத அளவு சிக்னல் குறைவாக இருந்தாலும் சிலநேரம் குறுஞ்செய்தி போய்விடும். விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊது. பதிலுக்கு மூன்று விசில் கேட்டாலும் நிறுத்தாதே, உன் இடத்தை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

மாலை ரயில்கள் குறைவு, நேரத்தைக் குறித்து வைத்துக்கொள். தவறினால் கேம்பல்டவுனிலிருந்து கிளாஸ்கோ வரும் சிட்டிலிங்க் பஸ் ஆரக்கர் வழியாகத்தான் வரும், அதன் நேரத்தையும் சேர்த்து எழுது.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுமடல் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார். காய்ந்த பிராக்கன் என்ற பெரணிப் புதருக்குள் போயிருந்தால் அக்டோபரிலும் ஒட்டும். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடு, எண்ணெயோ நெருப்போ வைக்காதே. அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போ. பூட்ஸின் உள்தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஜன்னலோரம் வை. ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

ரயிலில் உட்கார்ந்ததும் முதலில் அறைத்தோழிக்குச் சொல், அடுத்தது எனக்கு. நான் தூங்கியிருக்க மாட்டேன்.

அம்மா