போர்டு வேறு, பொட்டலம் வேறு

வட சென்னையின் மாமன்ற உறுப்பினர்களுக்கும், காவல் ஆய்வாளர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் ஸ்கேட்போர்டும் கையுமாக ஒரு பையன் நின்றால், "கஞ்சா கோஷ்டி" என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். விரட்டுவது, பாக்கெட்டைத் துழாவுவது, சில சமயம் போர்டையே பிடுங்கி வைத்துக்கொள்வது என்று அது நீள்கிறது. போர்டு ஓட்டுபவர்களும் சொல்லித்தருபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. நீங்களும் அப்படியே வையுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

என்.டி.பி.எஸ். என்று எல்லாரும் சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு அளவு வாரியாகத் தண்டனை இருக்கிறது. 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை உள்ளே இருக்க வேண்டும். புகைத்ததற்கு மட்டும் 27-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். 18 வயது நிரம்பாதவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்து விற்கச் சொல்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை. இந்தப் பிரிவை இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள் என்று நாங்களே கேட்கிறோம்.

ஸ்கேட்போர்டுக்கு அப்படி ஒரு தடைப் பிரிவே கிடையாது. மோட்டார் இல்லாத பலகை மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வராது. லைசென்ஸும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம். பொது வழியில் இடைஞ்சலோ ஆபத்தோ உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அது வழியை மறித்ததற்கான அபராதம்; போர்டு வைத்திருந்ததற்கு அல்ல. கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் போர்டு ஓட்டுபவனை நிறுத்துங்கள், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இந்த இரண்டையும் உலகம் ஒரே தராசில் வைத்ததும் இல்லை. நார்வே 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டை விற்கவும் ஓட்டவும் தடை போட்டிருந்தது. அடிபடுகிறது என்பதுதான் காரணம், போதை அல்ல. கலிஃபோர்னியாவில் 21 வயதானவர் 28.5 கிராம் கஞ்சா வைத்திருக்கலாம். அதே மாநிலத்தில் பல ஊர்களின் கடைவீதி நடைபாதையில் போர்டு ஓட்டக்கூடாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்கள் 25 கிராம் வரை கையில் வைத்திருக்க அனுமதித்தது. ஆனால் பள்ளிக்கூடம், சிறுவர் விளையாட்டிடம், பொது விளையாட்டு மைதானம் ஆகியவற்றின் கண்ணெதிரே, 100 மீட்டருக்குள், அதைப் புகைக்கக்கூடாது. அனுமதித்த நாடே மைதானத்தைத் தனியாகக் காக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து ஸ்கேட்போர்டிங் பதக்க விளையாட்டு. போட்டி நாளில் சிறுநீரில் கஞ்சாவின் கூறு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்து விதிமீறல். பதக்கம் வேண்டும் என்கிற பிள்ளைக்குக் கஞ்சாவிலிருந்து விலகி நிற்க இதுவே போதுமான காரணம்.

காவல் ஆய்வாளர்களுக்கு: சந்தேகம் வந்தால் சோதனை போடுங்கள், முறைப்படி போடுங்கள். உடம்பைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி அந்த நபரிடம் சொல்லியாக வேண்டும். சொல்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2010-இல் உறுதியாகத் தீர்ப்பளித்தது. கையில் உள்ள பைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதும் தீர்ப்புதான். பையன்களுக்கும் அதைச் சொல்லித்தான் வைத்திருக்கிறோம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. இந்த முறையை விட்டுவிட்டுத் தெருவில் துழாவினால் இரண்டு நஷ்டம்: உண்மையான கேஸ் கோர்ட்டில் நிற்காது, பொட்டலமே இல்லாத பையனும் அடுத்த முறை காக்கியைக் கண்டால் ஓடுவான், ஓடுவதே சந்தேகமாகிவிடும்.

புகைக்கும் பிள்ளைக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், 27-ஆவது பிரிவிலும் சிறு அளவு வழக்கிலும் அவர் மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது அதே சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 14446 இலவச உதவி எண். கஞ்சாவோடு இப்போது வலி மாத்திரைப் பழக்கமும் சேர்ந்துகொண்டிருக்கிறது, ஆகவே தாமதிக்க நேரமில்லை. இந்த எண்ணையும் இந்தப் பிரிவையும் தமிழில் எழுதி ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள்.

இனி இடம். ஓட்ட இடமில்லாததால்தான் தெருவுக்கு வருகிறார்கள். தெரு போர்டுக்கு ஒத்துவராது. வீலின் விட்டம் 52 முதல் 54 மில்லிமீட்டர், கல் மாதிரி கடினம். நகக்கண் அளவு ஜல்லி குறுக்கே வந்தாலே போர்டு நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பான். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டுதான் பெரும்பாலும் உடைகிறது. பேவர் பிளாக் இணைப்புகளில் வேகம் செத்துவிடும். காசிமேடு காற்றில் உப்பு. துடைக்காமல் விட்டால் பேரிங் சீக்கிரம் துருப்பிடித்து இறுகும்.

60 அடிக்கு 30 அடி இடம் போதும். 5 அங்குல கனத்தில் எம்30 தரக் கான்கிரீட், சுமார் 21 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரி நான்கு நடை. கம்பிக்கு 2 அங்குல கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) விடுங்கள், உப்புக்காற்றில் கவர் குறைந்தால் கம்பி துருப்பிடித்துத் தளத்தைப் பிளக்கும். 10 அடிக்கு ஒரு இணைப்புக் கோடு, ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அறுக்க வேண்டும், அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேற்பரப்பை பவர் ட்ரோவலால் (தளம் தேய்க்கும் மெஷின்) வழவழப்பாக்க வேண்டும். வழுக்கும் என்று பயந்து துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுவார்கள், விழுபவன் தோல் உரிந்துவிடும். நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை வாட்டம் போதும். ஈரச் சாக்குப் போட்டு 10 நாளாவது தண்ணீர் காட்டாவிட்டால் நம் வெயிலில் மயிரிழை வெடிப்பு வரும். 28 நாள் யாரையும் ஏறவிடாதீர்கள்.

பள்ளம் தோண்டிக் கட்டும் கிண்ணம் வேண்டவே வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும் ஊர் இது. ஐப்பசி வந்தால் கிண்ணம் கொசுக்குட்டை ஆகிவிடும். எல்லாமே தரைக்கு மேல் இருக்கட்டும்: 3 அடி உயரத்தில் ஒரு குவார்ட்டர் பைப் (உள்வளைந்து மேலேறும் சரிவு), எதிரில் ஒரு சாய்தளம், நடுவில் 14 அங்குல உயரத் திட்டு. குவார்ட்டர் பைப்பின் வளைவுக்கு ஆரம் 7 அடி. கான்ட்ராக்டர்கள் உயரம் 3 அடி என்றால் ஆரமும் 3 அடி என்று போட்டுவிடுவார்கள். உச்சி செங்குத்தாகி, கற்றுக்கொள்பவன் முதுகில் விழுவான். உச்சியில் 2 இன்ச் ஜி.ஐ. பைப், தளத்தைவிடச் சரியாக 5 மில்லிமீட்டர் மட்டும் எழும்பி நிற்க வேண்டும். திட்டின் விளிம்புக்கு 50க்கு 50க்கு 6 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிள், கான்கிரீட் போடும் முன்பே கம்பியோடு வெல்டு செய்தாக வேண்டும். பிறகு போல்ட் அடித்தால் மாதங்களில் ஆடும்.

மேம்பாலத்துக்கு அடியில் இடம் கிடைத்தால் நிழலும் கிடைக்கும், மழையும் பாதி தடுக்கப்படும். தூண்களுக்கு ரப்பர் உறையும், பாலத்து மழைநீர்க் குழாயைத் தளத்துக்கு வெளியே திருப்புவதும் அவசியம். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், தெருவிலிருந்து உள்ளே முழுதும் தெரியும் கம்பிவேலியாக இருக்கட்டும். மதில் எழுப்பினால்தான் பொட்டலம் உள்ளே வரும்.

தெருமுனைக் கேரம் போர்டைச் சுற்றி நின்ற பிள்ளைகளையும் வெட்டிப் பயல்கள் என்றுதான் பேசினார்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா இந்த வட சென்னைப் பெண்தான்.

மாமன்ற உறுப்பினர்களே, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். உங்கள் வார்டு மேம்பாட்டு நிதியில் ஒரு தளத்துக்கு மதிப்பீடு கேளுங்கள். நலச் சங்கத்தாரே, சத்தம்தான் உங்கள் கவலை என்றால் இரவு 8:30-க்குப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் தளத்தைப் பெருக்குவதும், ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாதவரை உள்ளே விடாமல் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. இடத்தைக் காட்டினால் அளவு நாடாவோடு வந்து வரைபடம் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
வட சென்னையில் போர்டு ஓட்டுபவர்களும் சொல்லித்தருபவர்களும்